நகரக் கொடியும் பொதுமக்கள் போட்டியும்

பண்டைத் தமிழ் வேந்தர் மூவரும் வில், புலி, கயல் என்னும் தத்தம் குறிகளாலே அறியப்பெற்றனர். மதுரையை ஆண்ட பாண்டியரின் கயலைப் பழங்காசுகளிலும் கோயிற் கற்களிலும் இன்றும் காண்கிறோம். அக்குறி வேண்டுமா, வேண்டாவா என்று குடிகளை எவரும் கேட்டிலர். அரசன் குறியே நாட்டின் குறியாயிற்று. மக்களாட்சிக் காலத்திலோ, ஒரு நகரம் புதிய கொடியை விரும்பினால் அதனைத் தேர்தற்கு உரியவர் யாவர் என்னும் வினா எழுகின்றது. நகரத்தாரையே அழைத்துப் போட்டி வைத்தல் ஒரு வழி. அவ்வழி எங்கே பயன் தந்தது, எங்கே இடறிற்று என்பதை ஈண்டு ஆராய்வோம்.

அமெரிக்க நாட்டின் ஐடஹோ மாநிலத்தில் பொக்கட்டெல்லோ என்றொரு சிறு நகரம் உண்டு. 2004-ஆம் ஆண்டில் கொடியாராய்ச்சிச் சங்கத்தார் அந்நாட்டு நகரக் கொடிகள் 150-ஐ வரிசைப்படுத்தியபோது, இந்நகரின் கொடி கடைசியிடம் பெற்றது. காரணம் எளிது. அதில் விளம்பரப் பலகையிற் போல நகரின் புகழ்மொழி எழுதப்பட்டிருந்தது. போதாக்குறைக்கு, வணிகச் சின்ன உரிமையைக் காட்டும் சிற்றெழுத்தும் இருந்தது. ஊரார் நாணினர். பின்னர் நகர சபை ஒரு குழுவை அமைத்துப் போட்டியை அறிவித்தது. 709 வரைவுகள் வந்தன. அவற்றினின்று தெரிந்தெடுத்த கொடியை 2017-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நகர சபை ஏற்றது. ஊரைச் சூழ்ந்த மலைகளுக்குச் சிவந்த முகடுகள் மூன்று, ஆற்றுக்கு ஒரு நீலக் கோடு, வழிகள் கூடுமிடம் என்பதற்குத் திசைகாட்டி, இவ்வளவே அக்கொடி.

மில்வாக்கி நகரின் வரலாறு வேறு. அங்கு 1954-இல் ஏற்ற கொடி, போட்டிக்கு வந்த பல வரைவுகளின் பகுதிகளை ஒன்றாக ஒட்டியது. எவரையும் வருத்தலாகாது என்னும் நல்லெண்ணத்தால் எல்லாவற்றையும் சேர்த்ததில், எதுவும் கண்ணில் நில்லாமற் போயிற்று. 2016-இல் ஆர்வலர் சிலர் மீண்டும் போட்டி நடத்தினர். ஆயிரத்துக்கு மேற்பட்ட வரைவுகள் வந்தன. ஏரியின்மேல் எழும் கதிரவனைக் காட்டும் வரைவு வென்று, வீடுகளிலும் கடைகளிலும் பறக்கலாயிற்று. ஆயினும் போட்டியை நடத்தியது நகர சபையன்று. ஆதலின் 2018-இல் அது சபையின்முன் வந்தபோது ஏற்கப்படவில்லை. முதலில் தீர்மானம், பின்னர்ப் போட்டி என்பதே இதனால் அறியும் பாடம்.

தமிழர் பலர் வாழும் மலாயாவின் கொடியும் போட்டியிற் பிறந்ததே. 1949-இல் நடந்த அப்போட்டிக்கு 373 வரைவுகள் வந்தன. மூன்றைத் தெரிந்து, பத்திரிகை வாயிலாக மக்களின் அபிப்பிராயம் கேட்டனர். ஜொகூரில் மராமத்து இலாகாவிற் பணிபுரிந்த முகம்மது ஹம்சா என்னும் இளைஞரின் வரைவு முந்தியது. அதனையும் அப்படியே ஏற்றிலர். விண்மீனின் ஐந்து முனைகளைப் பதினொன்றாக்கிய பின்னரே 1950-இல் ஏற்றினர். மக்கள் தெரிந்ததை அறிந்தோர் செப்பனிடுதல் குற்றமன்று என்பது இதனால் விளங்கும்.

இனி, நல்ல கொடியின் இலக்கணம் யாது? கொடி காற்றில் அசைவது, தொலைவிற் காணப்படுவது, இருபுறமும் பார்க்கப்படுவது. மூன்றடி அகலமுள்ள கொடி நூறடித் தொலைவில், நம் கண்ணிலிருந்து மூன்றடியில் வைத்த ஏறத்தாழ ஓரங்குலத் துண்டளவே தோன்றும். ஆகவே எழுத்து வேண்டா. நுண்ணிய முத்திரை வேண்டா. இரண்டு அல்லது மூன்று நிறமும், பொருளுள்ள ஓர் உருவமும் போதும். ஒரு சிறுவன் நினைவிலிருந்தே வரையக் கூடியதாயின் அது நல்ல கொடி.

அழகினும் அரிய சிக்கல் ஒன்றுண்டு. நம் தேசியக் கொடியைக் குறித்து 1931-இல் காங்கிரஸ் எழுவர் குழுவொன்றை அமைத்தது. நிறங்களை மதங்களுக்குப் பங்கிட்டுப் பேசியதால் எழுந்த மனத்தாங்கலே அதற்குக் காரணம். அவ்வாண்டிலேயே காங்கிரஸ் மூவண்ணக் கொடியை ஏற்று, நிறங்கள் எச்சமூகத்தையும் குறிப்பன அல்ல என்று தெளிவுறுத்தியது. 1947 ஜூலை 22-இல் அரசியல் நிர்ணய சபை இராட்டைக்கு மாறாகச் சக்கரத்தை வைத்த கொடியை ஏற்றது. நிறத்தைப் பங்கு போட்டால் பங்கு கிடையாதார் மனம் வருந்துவர். பொதுக்குணத்தைக் குறித்தால் அனைவரும் அதன்கீழ் நிற்பர்.

மதுரை மாணவர்க்கு இவ்வாராய்ச்சி தொலைவான செய்தியன்று. தமிழ்நாட்டரசின் கோபுர முத்திரையை வரைந்தவர் இந்நகரைச் சார்ந்த ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் ஆவார். அக்கோபுரம் திருவில்லிபுத்தூரதென்பாரும், மதுரை மேலைக் கோபுரமென்பாரும் உளர். ஒரு சின்னத்தின் பொருளை அது பிறக்கும்போதே எழுதி வையாவிடின், பின்னோர்க்கு அது வழக்காகிவிடும்.

நம் நகருக்கு இத்தகைய போட்டி என்றேனும் வருமாயின், நகர சபை முதலில் தீர்மானம் இயற்றுக. நடுவர் பெயரையும் விதிகளையும் முன்னரே வெளியிடுக. வரைவுகள் பெயரின்றிப் பார்க்கப்படுக. இறுதியில் நிற்கும் சிலவற்றைத் துணியில் தைத்து, தமுக்கம் மைதானத்திற் பறக்கவிட்டு மக்களிடம் கேட்க. போட்டி மாசி வீதிகளோடு நில்லாமல், மல்லிகை பறிக்கும் சிற்றூர்களுக்கும், சுங்குடி முடியும் வீடுகளுக்கும், ஆனைமலை அடிவாரப் பள்ளிகளுக்கும் செல்லுதல் வேண்டும். கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் அடுத்தடுத்து நிற்கும் இவ்வூரில், வைகை எவர்க்கும் பொது. மல்லிகையின் மணமும் எவர்க்கும் பொது. பழைய கயலும் ஆற்றில் வாழ்வதே. அவற்றுள் எது கொடியில் ஏறினும் ஏறுக. கடைவீதியிற் சுமை தூக்குவோனும் அதனைக் கண்டு, 'இஃது என் ஊர்க் கொடி' என்று சொல்லுதலே அதற்குரிய தேர்வாகும்.