டயர் வாங்கும் குடும்பத் தலைவருக்கு

புள்ளலூரிலிருந்து வேளாங்கண்ணித் திருவிழாவுக்குச் சிறு காரில் புறப்படும் குடும்பத்தினர், ஜெபமாலையை எடுத்துக்கொள்ளும்போதே டயர்களையும் ஒருமுறை பார்த்துவிடுதல் நன்று.

டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு ரப்பர் மேடுகள் உண்டு. மேற்பரப்பு தேய்ந்து அவற்றோடு சமமாகிவிட்டால், எஞ்சிய ஆழம் 1.6 மில்லிமீட்டரே. மழைநீரை வெளியேற்ற அது போதாது. பிரேக் போட்டாலும் வண்டி வழுக்கிச் செல்லும். அந்நிலைக்கு முன்னரே மாற்றிவிடுங்கள்.

புதிய டயர் பழைய அளவிலேயே இருக்கட்டும். 145/80 ஆர் 12 என்றால், அகலம் 145 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 80 விழுக்காடு. உள்வளையத்தின் விட்டம் 12 அங்குலம். பாரம் தாங்கும் எண்ணும் குறையலாகாது. பக்கத்தில் 2325 எனப் பொறித்திருந்தால், அது 2025ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. கடையில் நெடுநாள் கிடந்ததை வாங்காதீர்கள்.

மலிவென்று பிறர் கழித்த டயரை வாங்கவும் வேண்டாம். அதன் உட்காயம் கண்ணுக்குத் தெரியாது. நான்கும் வாங்க வசதியில்லையேல், ஒரே வகையில் இரண்டு வாங்கிப் பின்சக்கரங்களில் மாட்டுங்கள். ஈரச் சாலையில் பின்புறம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். அதை மீட்பது அரிது.

புனித கிறிஸ்தோபரின் படத்தை வண்டியில் வைத்துவிட்டுத் தேய்ந்த டயரோடு செல்வது விசுவாசமன்று, ஆண்டவரைச் சோதிப்பதாகும். பின்னிருக்கையில் உறங்கும் குழந்தைகள் அவர் நம்மிடம் ஒப்படைத்த செல்வங்கள் அல்லவா?