வெளிச்சுவர்ப் பழைய பூச்சை அகற்றுதல்

வெளிச்சுவர்ப் பழைய பூச்சை அகற்றுதல் என்பது, வீட்டின் வெளிப்புறச் சுவரில் பொருக்குவிட்டு உரியும் பெயிண்டைச் சுரண்டி எடுத்து, சுவரை மறுபூச்சுக்கு ஆயத்தம் செய்யும் பணியாகும். பழைய பூச்சின் மேல் அடிக்கப்படும் புதிய பூச்சு அதையே பற்றி நிற்கிறது. பழையது சுவரை விட்டால் புதியதும் சேர்ந்தே விழும்.

காரணங்கள்

உரிதலுக்கு முதன்மைக் காரணம் ஈரம். விரிசல், கைப்பிடிச்சுவரின் மேற்பகுதி, கசியும் குழாய் ஆகியவற்றின் வழியாக நீர் இறங்குகிறது; அடித்தளத்திலிருந்து ஓதம் ஏறுகிறது. இந்த நீர், செங்கல்லிலும் சிமெண்டிலும் உள்ள உப்புகளைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. நீர் உலர்ந்ததும் உப்பு வெள்ளையாகப் பூத்துப் பெயிண்டைத் தள்ளிவிடுகிறது. சுண்ணாம்பு அடித்த சுவரைச் சுரண்டாமல் அதன்மேல் எமல்ஷன் அடிப்பது மற்றொரு காரணம்.

ஏற்ற காலம்

தமிழ்நாட்டில் பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பது வழக்கம். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையின் ஈரம் மார்கழியில் சுவருக்குள் தங்கியிருக்கக்கூடும். சுண்ணாம்பு அந்த ஈரத்தை எளிதில் வெளியேற விடும். எமல்ஷன் அவ்வளவு விடாது. ஐயமிருந்தால், ஒரு பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரங்களையும் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடலாம். தாளின் உட்புறம் நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் உலரவில்லை.

செய்முறை

1. கசிவை முதலில் சரிசெய்தல்.
2. தளர்ந்த பெயிண்டைச் சுரண்டியாலும் கம்பி பிரஷாலும் எடுத்தல்.
3. பூத்த உப்பை உலர்ந்த பிரஷால் தேய்த்து அகற்றுதல். முதலிலேயே நீர் ஊற்றினால் உப்பு மீண்டும் சுவருக்குள் செல்லும்.
4. பாசியைத் தேய்த்துக் கழுவி, சுவரை நன்கு உலரவிடுதல்.
5. விரிசலை அடைத்து, வெளிச்சுவருக்கான பட்டி பார்த்தல். புதிய சிமெண்ட் பூச்சாயின் சுமார் 28 நாட்கள் பொறுத்தல்.
6. கையால் தடவிப் பார்த்தல். மாவு ஒட்டாவிட்டால் ப்ரைமர் அடிக்கலாம்.

ஈய ஆபத்து

பழைய எண்ணெய்ப் பெயிண்டுகளில், குறிப்பாகக் கதவு, ஜன்னல் கம்பிகளில் அடித்த எனாமலில், ஈயம் இருக்கக்கூடும். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் 10 இலட்சம் பங்கில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி 2016-இல் வெளியாகி, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எனவே பழைய எனாமலை உலர்வாக உப்புத்தாளால் தேய்ப்பதோ, தீயால் சுடுவதோ கூடாது. நனைத்தே சுரண்ட வேண்டும். சுரண்டுபவர் தூசியை வடிகட்டும் முகக்கவசம் அணிய வேண்டும். கீழே தார்ப்பாய் விரித்து, விழும் பொருக்குகளைக் கட்டி அகற்ற வேண்டும். அவை குழந்தைகள் விளையாடும் மண்ணிலோ கிணற்றடியிலோ விழக்கூடாது.