ஏலம் போன வீடும் முப்பது நாளும்

ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. பின்னர் அதன் வாயிலை மணல் அடைத்தபோது படகுகள் கடலுக்குப் போக முடியாமல் நின்றன. படகுக்காக வாங்கிய கடன் மட்டும் நிற்கவில்லை, வட்டியோடு வளர்ந்தது.

யுத்தத்தில் கணவரை இழந்த ஒரு சகோதரி, தம்பியின் படகுக் கடனுக்குப் பிணையாகக் கையொப்பமிட்டிருந்தார். கடன் கொடுத்தவர் வழக்குத் தொடுத்துத் தீர்ப்பும் பெற்றுவிட்டார். ஒருநாள் அழுதபடி என்னிடம் வந்தார்.

"மிஸ், ஊடு ஏலத்துல போயிட்டாம். எண்ட உம்மா சீதனமா எழுதித் தந்த ஊடு. இனிக் கோட்டுக்குப் போய் என்ன செய்ற?"

"ராத்தா, வாசலில் நோட்டீஸ் ஒட்டினாங்களா? பறை அடிச்சாங்களா?"

"ஒண்டுமில்ல. பக்கத்து ஊட்டாருக்கும் தெரியா."

எமது பகுதியில் வீட்டைப் பெண்பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பதே வழமை. அது போனால் அவளுக்கு நிற்க இடமில்லை. அன்றே அவரைச் சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணியிடம் அழைத்துச் சென்றேன்.

அவர் விளக்கியது இதுதான். நீதிமன்றக் கட்டளைப்படி காணியைக் கைப்பற்றும்போது, அதை அவ்விடத்தில் பறையடித்தோ வழமையான வேறு முறையிலோ அறிவிக்க வேண்டும். அறிவித்தலின் பிரதியைக் காணியிலும் நீதிமன்றத்திலும் ஒட்டவும் வேண்டும். ஏலத்தை விளம்பரப்படுத்தியதில் அல்லது நடத்தியதில் பாரதூரமான முறைகேடு இருந்தால், குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 282ஆம் பிரிவின் கீழ் அதனை இரத்துச் செய்யக் கேட்கலாம். பிஸ்காலின் அறிக்கை நீதிமன்றத்துக்குக் கிடைத்த 30 நாட்களுக்குள் முறைகேட்டை நீதிமன்றத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

முறைகேட்டைக் காட்டினால் மட்டும் போதாது. அதனால் பெரிய நட்டம் ஏற்பட்டது என்பதையும் நிரூபிக்க வேண்டும்.

வழக்கேட்டைப் பார்த்தபோது 19 நாட்கள் கழிந்திருந்தன. மிச்சம் 11 நாட்கள். வீட்டின் பெறுமதியை மதிப்பீட்டாளரைக் கொண்டு எழுதி வாங்கினோம். விற்ற விலை அதன் பாதிக்கும் குறைவு. அறிவித்தல் எதையும் காணவில்லை எனப் பக்கத்து வீட்டார் இருவர் சத்தியக்கடதாசி கொடுத்தனர். 27ஆம் நாள் மனு தாக்கலானது.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. கடனும் தீரவில்லை, ஏலம் இரத்தானாலும் அதைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் நியாயமான விலைக்கு விற்றிருந்தால், கடன் போக மீதிப் பணம் அவர் கைக்கு வந்திருக்கும். அந்த உரிமைக்காகவே இன்று வழக்காடுகிறார்.

சகோதரிகளே, நீதிமன்றக் கடிதம் வந்தால் பயந்து பெட்டிக்குள் வைக்காதீர்கள். வந்த திகதியை அதிலேயே எழுதுங்கள். உறுதி, கடன் பத்திரம், பணம் கட்டிய பற்றுச்சீட்டு அனைத்தையும் ஒரே பையில் வையுங்கள். வழக்குக் கணவர் மீது இருந்து, வீடு உங்கள் பெயரில் இருந்தால், கைப்பற்ற வரும்போதே உரிமை கோருங்கள்.

அந்தச் சகோதரி வெட்கத்தால் இன்னும் இரண்டு வாரம் வீட்டிலேயே இருந்திருந்தால், நானும் ஒன்றும் செய்திருக்க முடியாது.