உப்பும் திரையும்: தமிழ்த் திரைப்படத்தின் அடையாள உருவாக்கமும் மரக்காண நெய்தல் நிலமும்

முன்னுரை

ஓர் இனம் தன்னை எவ்வாறு காண விரும்புகிறது என்பதை அதன் திரைப்படம் காட்டுகிறது. காட்டப்பட்டதையே அவ்வினம் நாளடைவில் தன் உருவமாக ஏற்றுக்கொள்கிறது. தமிழ்த் திரைப்படத்தில் இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்துள்ளன. அவ்வாறு உருவான தமிழ் அடையாளத்தில் இடம்பெற்றோர் யார், விடுபட்டோர் யார் என்னும் வினாவை, விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் உப்பளக் கடற்கரையை அளவுகோலாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

தேசியத்திலிருந்து மொழிக்கு

1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ பழங்கதையைக் கூறுவது. ஆயினும் அதில் காந்தியையும் இராட்டையையும் போற்றும் பாடல் இடம்பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில்தான் இராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்திற்கு உப்பு அறப்போர் நடைப்பயணம் நிகழ்ந்தது. கே. சுப்பிரமணியத்தின் ‘தியாகபூமி’ (1939) ஆங்கில அரசின் தடைக்கு உள்ளானது. அக்காலத் திரை முன்வைத்த அடையாளம் இந்திய விடுதலை சார்ந்தது.

விடுதலைக்குப்பின் அடையாளத்தின் மையம் மொழியாயிற்று. அண்ணாவின் ‘வேலைக்காரி’ (1949), மு. கருணாநிதி உரையாடல் எழுதிய ‘பராசக்தி’ (1952) ஆகியவற்றில் அடுக்குமொழித் தமிழே தலைமை மாந்தர்க்குரிய ஆற்றலாக அமைந்தது. 1967-இல் திராவிட முன்னேற்றக் கழகம் ஆட்சி அமைத்தது. 1969 ஜனவரி 14 அன்று சென்னை மாநிலம் ‘தமிழ்நாடு’ என்னும் பெயர் பெற்றது. இம்மாற்றங்களுக்குத் திரைப்படம் மட்டுமே காரணமன்று. எனினும் எழுத்தறியாதாரையும் மொழியுணர்வின் பங்காளராக்கிய முதன்மை ஊடகங்களுள் அது ஒன்று.

மொழியிலிருந்து நிலத்திற்கு

பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ (1977) படப்பிடிப்பு அரங்கை விட்டுச் சிற்றூருக்குச் சென்றது. அதன்பின் வட்டார வழக்கும் மண்ணும் தமிழ் அடையாளத்தின் சான்றுகளாயின. நெய்தல் நிலமும் திரையில் உண்டு. ‘படகோட்டி’ (1964), ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981), ‘நீர்ப்பறவை’ (2012) ஆகியன சான்றுகள். இவற்றில் நெய்தல் கடலாகவும் காதலாகவும் மீனவர் வாழ்வாகவும் அமைகிறது. உப்பளம் கதைக்களமாக அமையவில்லை.

மரக்காணம் காட்டும் நெய்தல்

சங்க இலக்கியம் காட்டும் நெய்தல் இதனினும் விரிந்தது. பரதவரோடு உமணரும் அந்நிலத்திற்குரியர். சிறுபாணாற்றுப்படை கூறும் ஓய்மானாட்டு எயிற்பட்டினத்தை மரக்காணமாக அறிஞர் அடையாளம் காண்பர். அந்நூலிலேயே உமணரின் வண்டித் தொடரும், அதனோடு வந்த மந்தி உமணர் சிறாரோடு விளையாடும் காட்சியும் உள்ளன. உப்பை நெல்லுக்கு மாற்றும் உமணர் மகளை அகநானூற்றில் (140) அம்மூவனார் தலைவியாக்கிப் பாடுகிறார். உப்புத் தொழிலோர் அன்று கவிதையின் தலைமை மாந்தராகும் தகுதி பெற்றிருந்தனர்.

இன்றும் மரக்காணத்தில் உவர்நீரைப் பாத்திகளில் பாய்ச்சி, வெயிலில் காயவிட்டு, விளைந்த உப்பை வாரிக் குவிக்கின்றனர். ஒரு கோடைமழை பல நாள் உழைப்பைக் கரைத்துவிடும். பருவமழை தொடங்கினால் வேலையே இல்லை. ஆண்டில் சில திங்கள் வருவாயற்ற இவ்வாழ்வு, கதைக்குரிய முரண்களைத் தன்னுள் கொண்டதே.

சொல்லில் உண்டு, காட்சியில் இல்லை

இங்கு ஒரு முரண் கருதத்தக்கது. ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பது தமிழர் நன்றியறிதலின் பழமொழி. ‘உப்புப் போட்டுத்தானே சோறு தின்கிறாய்?’ என்பது மானத்தைத் தூண்டும் வழக்கு. இவை திரை உரையாடலிலும் பயில்வன. நன்றிக்கும் மானத்திற்கும் உப்பு குறியீடாகிறது. உப்பை விளைவிப்பவர் குறியீட்டிற்குப் பின்னே மறைகிறார். இது தற்செயலன்று எனக் கருதலாம். மொழிவழி அடையாளம் பேசுவோரை முன்னிறுத்தியது. நிலவழி அடையாளம் உழவரையும் கடலோடியையும் முன்னிறுத்தியது. நிலமும் கடலும் கூடும் கழியில் கூலிக்கு உழைப்பவர் இவ்விரு வகைக்குள்ளும் அடங்கவில்லை.

துருக்கி தரும் ஒப்பீடு

விடுபட்டோரைக் காட்டுவதால் அடையாளம் சிதையுமா என்னும் ஐயத்திற்குத் துருக்கித் திரைப்படம் விடை தருகிறது. இஸ்தான்புல்லை மையமாகக் கொண்ட அத்திரையுலகிலிருந்து, தண்ணீர் உரிமைக்கான சிற்றூர்ப் பூசலைக் காட்டிய மெத்தின் எர்க்சானின் ‘சுசுஸ் யாஸ்’ 1964-இல் பெர்லின் விழாவின் தங்கக்கரடி விருதைப் பெற்றது. யில்மாஸ் குனெய் சிறையிலிருந்து எழுத, ஷெரிப் கோரென் இயக்கிய ‘யோல்’ குர்து மக்கள் வாழ்வையும் காட்டியது. 1982-இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பகிர்ந்துகொண்டது. தாய்நாட்டிலோ 1999 வரை அது தடைசெய்யப்பட்டிருந்தது. தடையால் அப்படம் அழியவில்லை; துருக்கியர் என்னும் சொல்லுள் அடங்குவோர் யார் என்னும் வினாவே வலுப்பெற்றது.

முடிவுரை

தமிழ்த் திரைப்படம் தமிழர்க்கு முதலில் நாட்டையும், பின்னர் மொழியையும், அதன்பின் மண்ணையும் அடையாளமாகத் தந்தது. துருக்கியில் விடுபட்டோரை மறைத்தது அரசின் தடை. தமிழில் அவ்வாறு தடுத்தவர் எவருமிலர், பழக்கமே தடையாயிற்று. எனவே தமிழ்த் திரை பற்றிய அடையாள ஆய்வு, திரையில் தோன்றுவனவற்றை மட்டுமன்றி, சங்கத் திணைமரபில் இருந்து திரையில் இல்லாதொழிந்தனவற்றையும் கணக்கிடுதல் வேண்டும். அக்கணக்கை மரக்காணத்து உப்புப் பாத்தியிலிருந்து தொடங்கலாம்.