பேச்சு கொடுத்தால்தான் பேச்சு வரும்



நம் குழுக் கூட்டங்களில் சேமிப்பு, சந்தா, உள்கடன், வங்கித் தவணை என்று எல்லாவற்றையும் பேசுகிறோம். தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் போடுகிறோம். ஆனால் மடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தையைப் பற்றிப் பேச மட்டும் நேரம் கிடைப்பதில்லை. இந்த முறை அந்தக் குழந்தையைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். அதிலும் முக்கியமாக, அது எப்படிப் பேசக் கற்றுக்கொள்கிறது என்பதைப் பார்ப்போம்.

நாங்களும் கவனிக்காமல் விட்ட கதை

செந்துறை வட்டாரத்தில் ஒரு குழு. ஊர் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். அந்தக் குழு உறுப்பினர் ஒருவர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தன் மகனைத் தூக்கிக்கொண்டு வருவார். பையனுக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது. கையில் செல்போனைக் கொடுத்துவிட்டால் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பான். "எவ்ளோ சமத்துப் பிள்ளை!" என்று நாங்களே பாராட்டியிருக்கிறோம்.

மூன்று வயது ஆகியும் "ம்மா" தவிர வேறு பேச்சு வரவில்லை. "இவங்க அப்பனும் நாலு வயசுலதான் வாயைத் தொறந்தான்" என்று மாமியார் சொன்னார். நாங்களும் தலையாட்டிவிட்டு அடுத்த ஊர் கிளம்பினோம்.

ஒருநாள் பால்வாடியில் சில்வர் தட்டு அடுக்கு சரிந்து விழுந்தது. எல்லாப் பிள்ளைகளும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். இவன் மட்டும் திரும்பவில்லை. பால்வாடி டீச்சர்தான் அதைக் கவனித்தார். மருத்துவமனையில் பரிசோதித்தபோது இரண்டு காதும் சரியாகக் கேட்கவில்லை என்று தெரிந்தது. மூன்றரை வயதில் காதொலிக் கருவி பொருத்தினார்கள். இன்று அவன் பேசுகிறான். ஆனால் மற்ற பிள்ளைகள் இரண்டு வயதில் பேசியதை இவன் ஐந்து வயதில் பேசுகிறான்.

அந்தத் தாய் எங்களிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "ஒவ்வொரு மாசமும் பாத்தீங்களே அக்கா, நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

எங்களிடம் பதில் இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

குழந்தை எப்போது கேட்க ஆரம்பிக்கிறது?

பிறந்த பிறகு அல்ல, வயிற்றில் இருக்கும்போதே! கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயின் குரல் குழந்தைக்குக் கேட்கிறது. பிறந்த சில நாளிலேயே அம்மா குரலை அது அடையாளம் கண்டுகொள்வது இதனால்தான்.

6 வயதுக்குள் குழந்தையின் மூளை, பெரியவர்களின் மூளையில் ஏறக்குறைய 90 சதவீத அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. அந்த வயதில் காதில் விழும் பேச்சுதான் பின்னால் வாயில் வரும் பேச்சுக்கு விதை. விதைக்கிற பருவத்தில் விதைக்காமல் அறுக்கப் போக முடியுமா?

குழந்தை பேச்சைத் தானாகக் கற்றுக்கொள்வதில்லை. நாம் பேசணும், அது பதிலுக்கு ஏதாவது சத்தம் போடணும், நாம் மறுபடியும் பேசணும். இந்தப் போக்குவரத்தில்தான் மொழி வளர்கிறது. டி.வி.யும் செல்போனும் பேசும், ஆனால் குழந்தை சொல்வதைக் கேட்காது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது இது: 2 வயது நிரம்பும் வரை குழந்தைக்கு டி.வி., செல்போன் காட்ட வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஆனால் திருப்பூரிலோ வெளிநாட்டிலோ வேலை பார்க்கும் அப்பாவோடு வீடியோ காலில் பேசுவது வேறு. அங்கே ஒரு மனிதர் பதில் பேசுகிறார். அதைத் தாராளமாகச் செய்யலாம்.

"வேலைக்குப் போற நமக்கு நேரம் எங்க இருக்கு?"

இந்தக் கேள்வி நியாயமானது. முந்திரி பொறுக்கப் போகிறோம், கடலைக்குக் களை எடுக்கிறோம், மக்காச்சோளம் ஒடிக்கிறோம். வந்ததும் அடுப்படி. இதற்கென்று தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. செய்கிற வேலையிலேயே பேச்சையும் சேர்த்துக்கொண்டால் போதும்.

குளிப்பாட்டும்போது: "இந்தா தண்ணி ஊத்தப் போறேன். கை எங்க? காலு எங்க? தொப்பை எங்க?" என்று உறுப்புகளின் பெயரைச் சொல்லுங்கள்.

சோறு ஊட்டும்போது: போனைக் காட்டாமல் நிலாவையும் காக்காயையும் காட்டுங்கள். "சோறு சூடா இருக்கு, ஊதலாமா? பருப்பு மஞ்சளா இருக்கு பாரு."

கடலை ஆயும்போது: ஒரு பிடியை எடுத்துக் குழந்தை முன்னால் வைத்து "ஒண்ணு, ரெண்டு, மூணு" எண்ணுங்கள். பெரிசு, சின்னது பிரிக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கவனம்: சின்னக் குழந்தை கடலையை வாயில், மூக்கில் போட்டுவிடும். பக்கத்திலேயே இருக்கணும்.

நடந்து போகும்போது: ஆடு, மைனா, வேப்பமரம், லாரி என்று கண்ணில் படுவதையெல்லாம் சொல்லுங்கள். நம் பகுதி நிலத்தில் கிளிஞ்சல் பதிந்த கல் கிடைக்கும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர்ப் பகுதி கடலாக இருந்தது. "இங்க ஒரு காலத்துல கடல் இருந்துச்சாம், மீனெல்லாம் நீந்துச்சாம்" என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளை விடாமல் கேள்வி கேட்கும்!

தூங்க வைக்கும்போது: தாலாட்டும் கதையும். ஆயாவுக்குத் தெரிந்த கதையும் விடுகதையும் எந்தப் புத்தகத்துக்கும் குறைந்தது இல்லை. வேலைக்குப் போகும் நாளில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடமும் தாத்தாவிடமும் இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டுங்கள். அப்பாவுக்கும் இதில் பங்கு உண்டு.

பேசும்போது நினைவில் வைக்க நான்கு விஷயம்

1. குனிந்து, குழந்தையின் முகத்துக்கு நேராகப் பேசுங்கள். அது நம் வாயையும் கண்ணையும் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது.

2. கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். நாமே பதிலும் சொல்லிவிட்டால் குழந்தைக்குச் சொல்ல என்ன இருக்கு?

3. குழந்தை சொன்னதை நீட்டிச் சொல்லுங்கள். அது "பா" என்றால், "பால் வேணுமா? இந்தா, சூடான பால்" என்று கொடுங்கள். "பா இல்லடா, பால்னு சொல்லு" என்று அதட்ட வேண்டாம். கேலியும் வேண்டாம்.

4. வீட்டில் பேசும் தமிழிலேயே பேசுங்கள். "மம்மி, டாடின்னு சொன்னாத்தான் இங்கிலீஷ் வரும்" என்று சிலர் நினைக்கிறார்கள். தாய்மொழி நன்றாக வேர் பிடித்த பிள்ளைக்கு இன்னொரு மொழி சுலபமாக வரும். நமக்கே சரளமாக வராத மொழியில் பேசினால் குழந்தையோடு பேசுவதே குறைந்துபோகும்.

எந்த வயதில் என்ன?

எல்லாக் குழந்தையும் ஒரே நாளில் பேசாது. முன்னே பின்னே இருக்கும். பொதுவாக:

6 மாதம் – சத்தம் வரும் பக்கம் திரும்பும், "ஆ, ஊ" என்று குரல் கொடுக்கும்.

1 வயது – பெயரைக் கூப்பிட்டால் திரும்பும். "பாபா, தாத்தா" என்று அடுக்கும். கை காட்டும், டாட்டா சொல்லும்.

ஒன்றரை வயது – பொருள் தெரிந்து சில வார்த்தைகள் சொல்லும்.

2 வயது – "அம்மா வா", "தண்ணி தா" என்று இரண்டு வார்த்தை சேர்க்கும்.

3 வயது – சின்னச் சின்ன வாக்கியம் பேசும். பெரும்பாலும் வெளி ஆளுக்கும் புரியும்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது: சத்தத்துக்குத் திரும்பாதது, 1 வயதில் மழலை இல்லாதது, ஒன்றரை வயதில் ஒரு வார்த்தைகூட வராதது, 2 வயதில் இரண்டு வார்த்தை சேராதது, கண்ணைப் பார்க்காமல் தனக்குள்ளேயே இருப்பது, பேசிய பேச்சு நின்றுபோவது, காதில் சீழ் வடிவது.

சில நம்பிக்கைகள்

"ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்." ஆண் பிள்ளைகள் கொஞ்சம் தாமதிப்பது உண்டு. ஆனால் அதைச் சொல்லி வருடக்கணக்கில் காத்திருப்பது தவறு.

"நாக்குல வசம்பும் தேனும் தடவுனா பேச்சு வரும்." பேச்சு நாக்கில் மட்டும் இல்லை, காதிலும் மூளையிலும் இருக்கிறது. 1 வயதுக்குள் தேன் கொடுக்கவே கூடாது. அதில் கடுமையான நோய் வரக்கூடிய கிருமி இருக்கலாம்.

"காதுல எண்ணெய் ஊத்துனா சரியாயிடும்." வேண்டாம். சீழ் இருந்தால் இன்னும் கெடும். மருத்துவரிடம் காட்டுவதே வழி.

எங்கே போவது?

முதலில் பால்வாடி டீச்சரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ சொல்லுங்கள். 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி (ஆர்.பி.எஸ்.கே. என்பார்கள்) மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக் குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். வளர்ச்சித் தாமதமும் காது கேளாமையும் அதில் சேர்ந்தவை. அந்த நாளில் குழந்தையைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். அரியலூரில் 2022-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கும் போகலாம். பிறவியிலேயே காது கேளாத, 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை உண்டு. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன்.

குழு என்ன செய்யலாம்?

"பேச்சு கொடுத்தா மட்டும் மாறிடுமா?" என்று கேட்கலாம். ஜமைக்கா நாட்டில் 1986–87-ல் வளர்ச்சி குன்றிய ஏழைக் குழந்தைகளின் வீடுகளுக்கு வாரம் ஒருமுறை சுகாதாரப் பணியாளர்கள் போனார்கள். வீட்டில் கிடைப்பதை வைத்துச் செய்த பொம்மைகளோடு, பிள்ளையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார்கள். இரண்டு ஆண்டு இப்படி நடந்தது. அந்தக் குழந்தைகள் வளர்ந்து 22 வயதானபோது, அப்படிப் பயிற்சி கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள் என்று 2014-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

ஒடிசாவில் 192 கிராமங்களில் இதே முறையைப் பார்த்தார்கள். வீடு வீடாகப் போனதும் பலன் தந்தது, தாய்மார்களைக் கூட்டமாக உட்கார வைத்துச் சொன்னதும் பலன் தந்தது. கூட்டத்துக்குச் செலவு குறைவு. கூட்டம் என்றால் நமக்குச் சொல்லித் தரவா வேண்டும்!

எனவே ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று யோசனை:

கூட்டத்தில் கணக்கு முடிந்ததும் பதினைந்து நிமிடம் பிள்ளைகளோடு பாட்டு, கதை, விளையாட்டு. கூட்டத்தில் குழந்தையை அடக்கி வைக்க செல்போன் கொடுப்பதில்லை.

ஊக்குநரும் பிரதிநிதிகளும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மேலே உள்ள வயதுப் பட்டியலைப் படித்து, உறுப்பினர் வீட்டுக் குழந்தை ஒவ்வொன்றையும் பற்றிக் கேட்பது.

சந்தேகம் இருந்தால் அந்தத் தாயைத் தனியே அழைத்துச் சொல்வது. நாலு பேர் முன்னால் வேண்டாம். முதல் முறை மருத்துவமனைக்குப் போகும்போது ஒரு உறுப்பினர் துணைக்குப் போவது. பஸ் செலவுக்கு உள்கடன் தரலாம்.

தவணை ஒரு மாதம் தவறினால் அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிவிடலாம். குழந்தையின் முதல் மூன்று வருடம் தவறினால் அப்படிக் கட்ட முடியாது. "நீங்களாச்சும் சொல்லியிருக்கலாமே" என்று இன்னொரு தாய் நம்மைக் கேட்கும் நிலை வரக் கூடாது.

இன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இன்னைக்கு என்ன பண்ணே?" என்று கேளுங்கள். ஐந்து வரை எண்ணுங்கள். அது என்ன சொல்கிறது என்று அடுத்த கூட்டத்தில் எங்களுக்கும் சொல்லுங்கள்.