நிலவேம்பும் மூன்று எலிகளும்

2017-ல் தமிழ்நாட்டில் டெங்கு பரவினப்போ, தெருத்தெருவா நிலவேம்புக் குடிநீர் கொடுத்தாங்க. கூடவே ‘இதைக் குடித்தால் குழந்தை பிறக்காது’ என்ற பேச்சும் பரவியது. இன்னொரு பக்கம், ‘மூலிகைதானே, என்ன ஆகிடப் போகுது?’ என்ற அலட்சியம். ரெண்டுமே ஆதாரம் இல்லாத பேச்சு. ஆதாரம் எப்படி வருதுன்னு பார்ப்போமா?

முதலில், ஒரே வேளையில் அதிக அளவு கொடுத்துப் பார்ப்பார்கள். 1927-ல் டிரெவன் அறிமுகப்படுத்திய எல்டி50 முறையில், பாதி விலங்குகள் சாகும் அளவைக் கண்டுபிடிக்க நிறைய விலங்குகள் தேவைப்பட்டன. இப்போதைய ஓஇசிடி 423 விதிப்படி ஒரு படிக்கு மூன்று எலிகள் போதும். உடல் எடையில் கிலோவுக்கு 5, 50, 300, 2000 மி.கி. என நான்கு அளவுகள். மூன்றில் எத்தனை இறக்கின்றன என்பதை வைத்து, அதே அளவை மறுபடி கொடுப்பதா, ஏறுவதா, இறங்குவதா என்று முடிவாகும். நம்ம ஃப்ளோசார்ட் மாதிரிதான்! பிறகு 14 நாள் கண்காணிப்பு.

ஆனா மருந்தை ஒரே வேளையோட யாரும் நிறுத்துறதில்லையே? அதனால் தினமும் கொடுத்து 28 நாள், 90 நாள் சோதனைகள். முடிவில் ரத்தம், கல்லீரல், சிறுநீரகம் எல்லாவற்றையும், சாறு கொடுக்காத எலிகளோடு ஒப்பிடுவார்கள். இதற்கெல்லாம் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டாயம்.

சரி, அந்த வதந்தி எங்கிருந்து வந்திருக்கும்? நிலவேம்பு இலைப்பொடி ஆண் எலிகளின் விந்தணு உற்பத்தியைப் பாதித்ததாக 1990-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 1997-ல் வந்த இன்னொரு ஆய்வில், உலர் சாற்றைக் கிலோவுக்கு 1000 மி.கி. வரை 60 நாள் கொடுத்தும் விரைகளில் பாதிப்பு இல்லை. செடி ஒன்றுதான், ஆனால் கொடுத்த பொருள் வேறு. அதனால் எந்த ஒரு ஆய்வையும் தனியாகப் பிடித்துக்கொண்டு தீர்ப்பு சொல்ல முடியாது.

எலியின் அளவை மனிதனுக்கு அப்படியே போடவும் கூடாது. வழக்கமா 6.2-ஆல் வகுப்பார்கள். 1000-ஐ வகுத்தால் சுமார் 161 மி.கி.; 60 கிலோ ஆளுக்கு 9.7 கிராம். அதுவே பாதுகாப்பான அளவு என்றும் ஆகாது. மனிதர்களில் தொடங்கும்போது, இதைவிடப் பல மடங்கு குறைத்துத்தான் தொடங்குவார்கள்.

இன்னொன்று: நிலவேம்புக் குடிநீரில் மொத்தம் ஒன்பது சரக்குகள். நிலவேம்பைத் தனியாகச் சோதித்த முடிவு, அந்தக் கலவைக்கு அப்படியே பொருந்தாது. அடுத்த முறை ‘பக்கவிளைவே இல்லாத மூலிகை’ என்று ஃபார்வர்டு வந்தால் மூணே கேள்வி கேளுங்க: எந்த வடிவில்? எவ்வளவு? எத்தனை நாள்?