கேஸ் கீசரும் கண்ணுக்குத் தெரியாத நச்சுக்காற்றும்

மார்கழி, தை மாதங்களில் திண்டுக்கல் சமவெளியிலும் விடியற்காலைக் குளிர் உறைக்கிறது. வீடுகளில் மட்டுமன்றி, தைப்பூசத்திற்குப் பழநி செல்வோர் தங்கும் விடுதிகளிலும், திருமண மண்டபங்களிலும், நோயாளிகளுடன் வருவோர் தங்கும் லாட்ஜுகளிலும் வெந்நீர்த் தேவை பெருகும் காலம் இது. தண்ணீர் உடனுக்குடன் சூடாவதால் பலர் எரிவாயுவில் இயங்கும் கேஸ் கீசரை நாடுகின்றனர். முறையாகப் பொருத்தினால் அது பயனுள்ள சாதனமே. பொருத்தும் இடம் தவறினால், குளிக்கச் சென்றவர் உயிருடன் திரும்பாத நிலையும் நேரலாம். ஆகவே, நோயாளிகளும் அவர்களைப் பேணும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

இருவகை ஆபத்து

கேஸ் என்றவுடன் நாம் அஞ்சுவது கசிவையும் தீ விபத்தையும்தான். சமையல் எரிவாயுவுக்கு இயல்பாக மணம் இல்லை. கசிவை உணர்த்துவதற்காகவே அதனுடன் மணமூட்டி கலக்கப்படுகிறது. எனவே கசிந்தால் மூக்கு எச்சரித்துவிடும்.

இரண்டாவது ஆபத்துக்கு அத்தகைய எச்சரிக்கை கிடையாது. எரிவாயு முழுமையாக எரிய ஆக்சிஜன் வேண்டும். அது குறையும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டாகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை, கண் எரிச்சலும் இல்லை. அடைத்த அறையில் கேஸ் கீசரால் நேரும் மரணங்களுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஒரு சிறு கணக்கு

நிமிடத்திற்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் கீசர் தொடர்ந்து எரிந்தால் மணிக்கு ஏறத்தாழ 1 கிலோ எரிவாயு செலவாகும். ஒரு கிலோ எரிவாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 12 கன மீட்டர் காற்று தேவை. 5 அடி நீளம், 6 அடி அகலம், 8 அடி உயரம் உள்ள குளியலறையில் இருக்கும் காற்றோ 7 கன மீட்டருக்கும் குறைவு. கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டால், அரைமணி நேரத்தில் அந்த அறையின் காற்று முழுவதையும் கீசரே கேட்கிறது. ஆக்சிஜன் முற்றும் தீரும் வரை நச்சு காத்திருப்பதில்லை; காற்றில் 21 விழுக்காடாக உள்ள ஆக்சிஜன் சற்றே குறைந்தாலும் அது பெருகத் தொடங்கிவிடும். ஒருவர் குளித்து முடித்த அறையில், கதவு திறந்து காற்று மாறுமுன் அடுத்தவர் நுழைவது இதனால்தான் ஆபத்தானது.

உடலில் நிகழ்வது

இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான ஈர்ப்புடன் கார்பன் மோனாக்சைடைப் பற்றிக்கொள்கிறது. மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிஜன் கிடைப்பது குறைகிறது. முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல். பிறகு கைகால் தளர்ச்சி. ஆபத்தை உணர்ந்து தாழ்ப்பாளைத் திறக்க நினைக்கும்போது, திறக்கும் வலு இருப்பதில்லை. அதன்பின் மயக்கமும், சிலருக்கு வலிப்பும் வரும்.

குளியலறையில் வந்த இத்தகைய வலிப்பைக் காக்காய்வலிப்பு எனக் கருதி, தேவையற்ற மாத்திரைகளைத் தொடர்ந்து உண்டவர்கள் உண்டு என்பதை நம் நாட்டு நரம்பியல் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். ஆகவே வீட்டில் கேஸ் கீசர் இருப்பதை மருத்துவரிடம் கட்டாயம் கூறுங்கள். அந்த ஒரு செய்தி நோயறிதலையே மாற்றிவிடக்கூடும்.

கருவுற்ற பெண்கள், குழந்தைகள், முதியோர், இதய நோயும் இரத்தசோகையும் உள்ளோர் விரைவில் பாதிக்கப்படுவர். குறிப்பாகக் கருவிலுள்ள சிசுவின் இரத்தம் இந்நச்சைத் தாயின் இரத்தத்தைவிட அதிகமாகப் பற்றிக்கொள்ளும். பிரசவித்த தாயையும் பச்சிளங்குழந்தையையும் குளிர்காற்று படாமல் குளிப்பாட்டுவதற்காகக் கதவு, சன்னல்களை அடைப்பது நம் வழக்கம். அந்த அறைக்குள் கேஸ் கீசர் எரியக் கூடாது. வெந்நீரை வெளியில் சூடாக்கிக் கொண்டுவாருங்கள்.

பொருத்தும்போது

கீசரையும் சிலிண்டரையும் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வைத்து, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவருவதே பாதுகாப்பான முறை. கீசருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். அதைப் பயிற்சி பெற்ற பணியாளரே பொருத்த வேண்டும். உட்புறத்தில் கீசர் இருக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் போதும் என்பது தவறான நம்பிக்கை. புதிய காற்று நுழைய வழியில்லாவிட்டால், அந்த விசிறியே கீசரின் புகையை அறைக்குள் இழுத்துவிடக்கூடும்.

எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படியும். எனவே சிலிண்டரைப் பள்ளமான இடத்திலோ நிலவறையிலோ வைக்காதீர்கள். சிலிண்டரை இணைக்கும் சுரக்‌ஷா ரப்பர் குழாயை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெடிப்பு தெரிந்தால் உடனே மாற்றுங்கள்.

விடுதி, மண்டபம் நடத்துவோர் கவனத்திற்கு

பல அறைகளுக்கு வெந்நீர் தரும் பெரிய கொதிகலன் அதற்கேற்ற அளவில் நச்சுப்புகையையும் வெளியேற்றும். அதை அறைக்கு வெளியே வைப்பது மட்டும் போதாது. 2006 அக்டோபரில் கிரேக்கத்தின் கோர்ஃபு தீவில், விடுமுறைக்கு வந்து விடுதியில் தங்கிய இரு குழந்தைகள் உயிரிழந்தனர். கொதிகலன் அவர்கள் அறைக்குள் இல்லை; அறையை ஒட்டிய கொட்டகையில் இருந்தது. அங்கிருந்தே நச்சுவாயு அறைக்குள் புகுந்தது. 1994இல் அமெரிக்க டென்னிஸ் வீரர் விடாஸ் ஜெருலைடிஸ், நண்பர் வீட்டு விருந்தினர் குடிலில் உறங்கும்போது இறந்தார். முறையாகப் பொருத்தப்படாத நீச்சல்குள வெந்நீர்க் கருவியின் புகை குடிலுக்குள் நுழைந்ததே காரணம்.

ஆகவே கொதிகலனைத் திறந்த மாடியிலோ காற்றோட்டமுள்ள தனிக் கூடத்திலோ அமையுங்கள். புகைபோக்கியின் வாய் எந்த அறையின் சன்னலுக்கும் ஏ.சி. இயந்திரத்திற்கும் அருகில் இருக்கலாகாது. சுவரில் குழாய் நுழையும் துளைகளை நன்கு அடையுங்கள். தீ அணைந்தால் எரிவாயுவைத் தானே நிறுத்தும் பாதுகாப்பு அமைப்பை எக்காரணத்திற்காகவும் துண்டிக்காதீர்கள். அருகிலுள்ள படுக்கையறைகளில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி பொருத்துங்கள். வணிகப் பயன்பாட்டுக்கு 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரைப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். வணிகச் சிலிண்டரையே பயன்படுத்த வேண்டும்.

வெந்நீரின் சூட்டையும் கவனியுங்கள். 60 பாகை செல்சியஸ் நீர் சில நொடிகளில் தோலைப் புண்ணாக்கும். நீரிழிவால் கால் மரத்தவர்களுக்குச் சூடு தெரியாது; அவர்கள் குளிக்குமுன் வேறொருவர் நீரைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

அன்றாடப் பயன்பாட்டில்

சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தாலோ, கருவியைச் சுற்றிக் கரி படிந்தாலோ எரிதல் முழுமையாக இல்லை என்பது பொருள். உடனே நிறுத்திப் பழுதுபார்க்கச் செய்யுங்கள். நம் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு குழாய்களுக்குள் படியும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறையேனும், குளிர்காலத்திற்கு முன்பாகக் கீசரைச் சுத்தம் செய்து சோதிப்பது நல்லது.

கசிவு மணம் வந்தால் மின் சுவிட்சுகளைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து வெளியேறுங்கள். எரிவாயு அவசர உதவி எண் 1906.

ஒருவர் மயங்கி விழுந்தால்

குளிப்பவர் அழைத்தும் பதில் தரவில்லையெனில் காத்திருக்காமல் கதவைத் திறங்கள் அல்லது உடையுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு அவரை வெளிக்காற்றுக்கு இழுத்து வாருங்கள், கீசரை அணையுங்கள், 108ஐ அழையுங்கள். மூச்சு இல்லையெனில், தெரிந்தவர்கள் மார்பை அழுத்தி முதலுதவி செய்யலாம்.

வீட்டிலுள்ள பல்ஸ் ஆக்சிமீட்டரை நம்பி இருந்துவிடாதீர்கள். அது நச்சேறிய இரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய இரத்தத்தையும் பிரித்தறியாது. 98 எனக் காட்டினாலும் ஆபத்து இருக்கலாம். சாதாரணக் காற்றில் உடலிலுள்ள நச்சு பாதியாகக் குறையவே 4 முதல் 5 மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் தூய ஆக்சிஜன் அளித்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திற்குள் அது பாதியாகும். தெளிந்து எழுந்தவரையும் அழைத்து வாருங்கள். சிலருக்குச் சில நாட்களோ வாரங்களோ கழித்து மறதியும், நடைத் தடுமாற்றமும், குணமாற்றமும் தோன்றலாம் என்பதால் தொடர் கண்காணிப்பும் அவசியம்.

இன்றே உங்கள் வீட்டுக் கீசர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குளியலறைக்குள் இருந்தால், வெளியே மாற்றும் வரை அதைப் பயன்படுத்தாதீர்கள்.